மதிய மாத்திரை

டாக்டர் கார்த்திகேசன் இசக்கிச்செல்வியின் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் இருந்த இடத்தில் ஒரு குழி நின்றது. அது மெதுவாக மேலே வந்தது. சுற்றி நின்ற மருத்துவ மாணவர்கள் குனிந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் தானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தான்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுதீங்களாம்மா?"

"சாப்பிடுதேன் சார்."

"மூணு மாத்திரையும்?"

"மூணும் சாப்பிடுதேன் சார்."

"தண்ணி எவ்வளவு குடிக்கீங்க?"

"காலைல ஒரு டம்ளர். பொறவு வீட்டுக்குத் திரும்பிப் போயித்தான் சார்."

கடைசியாகச் சொன்னது உண்மை. அதற்கு முன்னால் சொன்னது பொய். டாக்டர் இரண்டையும் ஒரே மாதிரி நம்பினார். மாணவர்கள் பக்கம் திரும்பி, இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிற நோயாளிக்கே நீர் வடியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். வால்வு மறுபடியும் சுருங்கியிருக்கிறது என்று ஒரு மாணவி சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இசக்கிச்செல்வியின் இதய வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. மகள் பிறந்த சமயத்தில்தான் அது தெரியவந்தது. அப்போது பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். பல வருஷங்கள் தொந்தரவு இல்லை. இப்போது சில மாதங்களாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சாயங்காலமானால் கால் வீங்குகிறது. மல்லாந்து படுத்தால் இருமல் வருகிறது.

"நீர் மாத்திரைய இன்னும் கூட்டுதேன். காலைல ரெண்டு, மதியம் ரெண்டு. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா வால்வை மாத்தித்தான் ஆகணும். நெஞ்சைத் திறந்து செய்யுற ஆபரேஷன். காப்பீட்டு அட்டை இருக்குல்லா?"

"இருக்கு சார்" என்றாள். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பின்னால் வரிசை கதவு வரைக்கும் நின்றது. அடுத்த ஆள் ஏற்கெனவே ஸ்டூலின் விளிம்பில் கையை வைத்துவிட்டார்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒரு மாதத்து மாத்திரையை இலவசமாகக் கொடுத்தார்கள். எப்போதும் கொடுப்பார்கள். மருந்து இல்லை, நாளைக்கு வா என்று அவளை ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. ஆழ்வார்திருநகரியில் அவள் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மற்ற இரண்டு மாத்திரைகளும் மாதக் கடைசியில் சரியாகத் தீர்ந்துவிடும். நீர் மாத்திரை மட்டும் அட்டை அட்டையாக, பிரிக்காமல், அந்த டப்பாவில் சேர்ந்துகொண்டே வந்தது.

அதற்குக் காரணம் வண்ணார்பேட்டையில் அவள் வேலை பார்த்த ஜவுளிக் கடை. ஐந்து மாடி. அவள் இரண்டாம் மாடியில் பட்டுப் பிரிவு. பெண் ஊழியர்களின் கழிப்பறை மொட்டை மாடியில், ஜெனரேட்டருக்குப் பின்னால். அதற்குப் பூட்டு உண்டு. மாடிக்கு ஒரு சாவி. யாரும் மறந்து வீட்டுக்கு எடுத்துப் போய்விடக் கூடாது என்று சாவியை ஒரு பாதிப் பூரிக்கட்டையில் கோத்திருந்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி நடந்தால் எங்கே போகிறாள் என்பது மாடி முழுக்கத் தெரியும். சாவி மாடிப் பொறுப்பாளர் தனலட்சுமியின் மேஜை டிராயரில் இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. அவ்வளவுதான் கணக்கு. ஒவ்வொரு மாடியிலும் வாடிக்கையாளர்களுக்கென்று சுத்தமான கழிப்பறை உண்டு. அதில் ஊழியர்கள் நுழையக் கூடாது. உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு ஸ்டூல்களும் வந்தன. அவற்றில் வாடிக்கையாளர்கள் கூட்டிவந்த குழந்தைகள் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றன.

அங்கே புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணுக்குச் சேலை மடிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே மூத்தவர்கள் ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார்கள்: காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பிப் போகும்வரை தண்ணீர் குடிக்காதே. எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். நீர்க்கடுப்பு வந்தால் மோர் குடித்து ஆற்றிக்கொண்டார்கள், அதையும் விடுமுறை நாளில்.

டாக்டர் இசக்கிச்செல்வியிடம் ஆரம்பத்தில் சொன்னது இதுதான்: உங்க உடம்புல தண்ணி தங்குது, இந்த மாத்திரை அதை வெளிய எடுத்துரும், தண்ணியக் குறைச்சுக் குடிங்க. அதிலிருந்து அவளாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வேலை நாளில் பகல் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. குடிக்காத தண்ணீரை எடுக்க மாத்திரை எதற்கு? வீட்டில் இருக்கிற நாளில் குடித்தாள், அன்றைக்கு மாத்திரையும் போட்டுக்கொண்டாள். அவளுக்கு இது நியாயமான ஏற்பாடாகவே பட்டது. மதியம் கடைச் சாப்பாட்டில் இரண்டு துண்டு ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு எல்லாம் உண்டு. உப்புத்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தக் கூட்டத்தில் காதில் விழுந்திருக்காது.

மறுநாள் காலையில் அவள் புருஷன் பாபநாசம் அவளை லோடு ஆட்டோவில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனான். வாழைத்தார் ஏற்றுகிற வண்டி. சீட்டெல்லாம் வாழைக் கறை.

"நெஞ்சைத் தொறக்கணும்னு சொல்லுதாவ" என்றாள்.

"யாரு நெஞ்சை?"

"ஒங்க நெஞ்சையா தொறப்பாவ? எனக்குத்தான்."

அவன் கியரை மாற்றினான். "ஆஸ்பத்திரிக்காரன் குடுத்த மாத்திரையெல்லாம் டப்பாவுக்குத் தின்னக் குடுத்தா நெஞ்சைத் தொறக்காம என்ன செய்வான்?"

"கடையில ஓடி ஓடிப் போக முடியுமா? ஒங்களுக்கென்ன, வண்டிய நிப்பாட்டி வேலியோரம் நிப்பிய."

"சரி, அதுக்கு நான் என்ன செய்யட்டும்? வேலைய விட்டுருதியா?"

மகள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். வாழைத்தார் லோடு வாரத்தில் பாதி நாள் கிடைப்பதில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை ஏன் திருப்பிப் பேசவேண்டும்? திருச்செந்தூர் பாசஞ்சர் வந்து நின்றது. அவள் ஏறிக்கொண்டாள்.

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருந்தன. கடையில் காலையிலிருந்தே கூட்டம். அடுத்த கவுண்டரில் நிற்கும் மைதீன் பாத்திமா மேலப்பாளையத்துக்காரி, இவளைவிடச் சில வருஷம் மூத்தவள். சேலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னட்டீ, மூஞ்சி சுருங்கிப் போயிருக்கு? டாக்டரு ஏசினாரா?"

இசக்கிச்செல்வி சொன்னாள்.

"யா அல்லா! ஏட்டி கிறுக்கி, நெஞ்சைக் கிழிக்கிறதுக்கு ஒண்ணுக்கு இருக்கிறது மேலில்லையா? இன்னைக்குப் போடு மாத்திரைய. நான் கவுண்டரைப் பாத்துக்கிடுதேன்."

"மேடம் சாவி தர மாட்டாவ."

"தராம எங்க போறா? நான் வாங்கித் தாரேன். எனக்கு வயித்தால போகுதுன்னு சொல்லுதேன். என் மானம் போனாப் போகுது, அது எப்பமோ போயிட்டு."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தனலட்சுமி அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு நின்றது.

சாப்பாடு முடிந்ததும் இசக்கிச்செல்வி மதியத்து நீர் மாத்திரை இரண்டையும் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

ராதாபுரம் பக்கத்திலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்திருந்தது. பொண்ணு, பொண்ணோட அம்மா, அத்தைமார், சித்திமார். பொண்ணு வாயே திறக்கவில்லை. அவளைத் தவிர எல்லாருக்கும் அபிப்பிராயம் இருந்தது.

"இது என்னது, கோயில் தேருக்குப் போடுத சீலை மாதிரி இருக்கு. வேற எடும்மா."

"மயினி, ஒங்க கல்யாணத்துக்கு நீங்க கட்டினதைவிட இது எவ்வளவோ நல்லாத்தான் இருக்கு."

"அது நீ வாங்கித் தந்ததுல்லா, அதான் அப்படி."

இசக்கிச்செல்வி சேலை மேல் சேலையாக விரித்தாள். ஏழெட்டு சேலை விரித்திருப்பாள், அடிவயிற்றில் கனம் தெரிந்தது. இன்னும் இரண்டு விரித்தாள். கனம் வலியாக மாறியது. மைதீன் பாத்திமா இதைப் பார்த்துவிட்டு தனலட்சுமியின் மேஜைக்குப் போனாள். வெறுங்கையோடு திரும்பினாள்.

"வேஷ்டி கவுண்டர்ப் பிள்ளை சாவியக் கொண்டு போயிருக்காளாம். இன்னும் வரல."

"இந்த மாம்பழக் கலரை விரியும்மா" என்றாள் பெண்ணின் அம்மா.

விரித்தாள். முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். போட்டுக் காட்டினாள். அப்படி நின்றபோது இனி முடியாது என்று தெரிந்துவிட்டது. "இதா வந்துட்டேன்கா" என்று சொல்லிவிட்டு, மாம்பழக் கலர் முந்தானையைத் தோளிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். மொட்டை மாடிக்கு மூன்று மாடி ஏற வேண்டும். ஏறினாலும் கதவு பூட்டியிருக்கலாம். வாடிக்கையாளர் கழிப்பறை அதே மாடியில், கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குள் நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

வெளியே வந்தபோது தனலட்சுமி வாசலில் நின்றிருந்தாள்.

"கேமராவுல பாத்துட்டு கீழேருந்து போன் வருது. என்னைப் போட்டுக் கிழிக்காவ. ஒனக்கு என்ன, நீ போயிட்டு வந்துட்ட."

"முடியல மேடம்."

"எனக்கு மட்டும் முடியுதா? என்னை என்ன கல்லுலயா செஞ்சு வச்சிருக்கு? காலைல வந்ததுல இருந்து நானும்தான் போகல. அந்த சாவிய டிராயருக்குள்ள வச்சிக்கிட்டு அது பக்கத்துலயே உக்காந்திருக்கேன், நான் போனேனா? ராதாபுரம் பார்ட்டி எந்திச்சுப் போயிட்டு, தெரியுமா? போ, மேனேஜர் கூப்பிடுதாரு."

மேனேஜர் சிவசண்முகம் எல்லாருக்கும் அண்ணாச்சி. நெற்றி நிறைய விபூதி. யாரையும் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டார். அவருடைய தகப்பனார் தமிழாசிரியர், தாத்தா காலத்தில் ஆற்றங்கரையில் வயல் இருந்தது என்பதை அவர் சொல்லாமலேயே அவர் பேச்சில் தெரியும். இசக்கிச்செல்வியை உட்காரச் சொன்னார். அந்தக் கடையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீ பழைய ஆளும்மா. உன்மேல ஒரு புகார் கிடையாது. திடீர்னு என்ன?"

"ஒரு மாத்திரை சாப்பிடுதேன் அண்ணாச்சி. அதுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கு."

"என்ன மாத்திரை?"

அதை மட்டும் அவளால் சொல்ல முடியாது. முந்தின வருஷம் ரெடிமேட் பிரிவில் ஒருத்தி நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். வாயுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ஆனாலும் கடையில் அவளை மறுபடி சேர்க்கவில்லை. நாளைக்கு வாடிக்கையாளர் முன்னால் ஏதாவது ஆகிவிட்டால் கடைக்குக் கெட்ட பேர் என்றார்கள்.

"சரி, சொல்லக் கூச்சமா இருந்தா வேண்டாம். டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிட்டு வா. சீட்டு இருந்தா நான் தனலட்சுமிகிட்டச் சொல்லிருதேன். எல்லாத்துக்கும் ஒரு முறை வேணும்லா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் மறுபடி ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். கார்த்திகேசன் தேதியைப் பார்த்துவிட்டு, "போன வாரம்தானே வந்தீங்க?" என்றார். அவள் மாணவர்களைப் பார்த்தாள். அவர் புரிந்துகொண்டு அவர்களை வார்டுக்கு அனுப்பினார். நர்ஸ் மட்டும் இருந்தாள். இசக்கிச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சாவி, மொட்டை மாடி, தண்ணீர், பிஸ்கட் டப்பா.

டாக்டர் சற்று நேரம் அவளுடைய பழைய சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாதமும் அவர் கையாலேயே அளவைக் கூட்டி எழுதியிருந்தார். அவள் போடாத மாத்திரையின் அளவு.

"ஏம்மா, இத்தனை மாசம் வந்தீங்க, ஒரு தடவை சொல்லக் கூடாதா? உங்களை ஆபரேஷனுக்கு அனுப்ப இருந்தேன்."

"நீங்க சாப்பிடுதியான்னு கேட்டிய சார். எங்கன போவியன்னு கேக்கலையே."

நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேஜையில் வைத்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மட்டும் போதாது, ஊறுகாய் கூடாது, கருவாடு கூடாது. காலை மாத்திரையை விடியற்காலையில் எழுந்தவுடன் போட்டுக்கொண்டால் ரயில் ஏறுவதற்குள் அதன் வேலை முடிந்துவிடும்.

"அது முடியும் சார். மதியத்தது?"

"மதியத்ததையும் விட முடியாதும்மா. இப்ப இருக்குற நிலைமையில ரெண்டு வேளையும் வேணும்."

"அப்ப ஒரு சீட்டு எழுதித் தாங்க சார். சக்கரைன்னு எழுதித் தாங்க."

"சக்கரையா? உங்களுக்குத்தான் சக்கரையே இல்லையே."

"சக்கரை உள்ளவளை நிப்பாட்ட மாட்டாவ சார். மேனேஜர் அண்ணாச்சிக்கே சக்கரை. மொதலாளிக்குச் சக்கரை. எல்லாருக்கும் இருக்கு. நெஞ்சுன்னு எழுதினா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாவ."

"இல்லாத நோயை நான் எழுத முடியாதும்மா."

"இருக்கிற நோயை எழுதினா நான் மாத்திரை போட முடியாது சார்."

டாக்டர் மறுபடி பேனாவைத் திறந்தார். கடைசியில், மருத்துவக் காரணங்களுக்காக இவரைத் தேவைப்படும்போது கழிப்பறைக்கு அனுமதிக்கவும் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தும்போது வேண்டியதைவிட அழுத்தமாகக் குத்தினார். அவருடைய படிப்பில் இந்த மருந்து எத்தனை நிமிஷத்தில் வேலை செய்யும், எந்த உப்பைக் குறைக்கும் என்று எல்லாம் இருந்தது. நோயாளிக்குக் கழிப்பறைச் சாவியை யார் தருவார் என்பது எதிலும் இல்லை.

சிவசண்முகம் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"மருத்துவக் காரணம்னா? என்ன காரணம்?"

"சக்கரை அண்ணாச்சி."

அவருடைய முகம் மலர்ந்தது. "அட, இதைச் சொல்லவா இத்தனை தயக்கம்? நம்ம ஆளா நீ! எனக்கு இருவது வருஷமா இருக்கு." தனலட்சுமியைக் கூப்பிட்டு, இந்தம்மா எப்போது கேட்டாலும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். வெந்தயத்தை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் வெறும் வயிற்றில் தின்னச் சொன்னார். ஆவாரம்பூ எங்கே சுத்தமாகக் கிடைக்கும் என்று சொன்னார்.

அதற்குப் பிறகு பத்து நாள் இசக்கிச்செல்வி இரண்டு வேளையும் மாத்திரை போட்டாள். ஊறுகாயை மைதீன் பாத்திமாவின் தட்டுக்குத் தள்ளினாள். கால் வீக்கம் வடிந்தது. மெட்டி சுழன்றது. ஸ்டேஷன் மேம்பாலத்தை ஏறி இறங்கியும் மூச்சு வாங்கவில்லை. இருமல் நின்று, ராத்திரி ஒரே தலையணையில் படுத்துத் தூங்கினாள். வீட்டில் பாபநாசம், "இதுக்குத்தானா இத்தனை நாள் காலைத் தூக்கி வச்சிக்கிட்டுக் கெடந்த?" என்றான். அவளுக்கும் அதுவே தோன்றியது. கோபமாகவும் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

கடையில் தீபாவளி இனிப்பு கொடுத்த அன்றைக்கு வினை வந்தது. எல்லாருக்கும் ஒரு பெட்டி. சிவசண்முகமே நின்று கொடுத்தார். இசக்கிச்செல்வியின் முறை வந்தபோது பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உனக்கு இது விஷம்லா! இரு இரு. முதல்ல உனக்கு எவ்வளவு இருக்குன்னு பாப்போம்."

அவர் டிராயரில் எப்போதும் சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின் இருக்கும். தனக்குப் பார்ப்பார், வாட்ச்மேனுக்குப் பார்ப்பார், சரக்கு கொண்டு வருகிற சூரத்து ஏஜெண்டுக்குக்கூடப் பார்த்துவிடுவார். வேண்டாம் அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கேன் என்று அவள் சொல்லச் சொல்ல விரலைப் பிடித்துக் குத்தினார்.

"தொண்ணூத்தி நாலு! சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல தொண்ணூத்தி நாலா? என் ஆயுசுல நான் பாத்ததில்ல. ஏம்மா, என்ன மாத்திரை சாப்பிடுத? எனக்கும் அதைச் சொல்லு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பேரு தெரியாது அண்ணாச்சி" என்றாள்.

"பையில இருக்கும்லா, மதிய மாத்திரை? எடு."

மைதீன் பாத்திமா குறுக்கே வந்தாள். "அண்ணாச்சி, கவுண்டர்ல ஆளு நிக்காவ. பொறவு பாத்துக்கிடலாம்."

"ஒரு நிமிஷம்மா. நல்ல மருந்துன்னா நாலு பேருக்குப் பிரயோஜனப்படட்டும்."

பெட்டி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிச்செல்வி பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின்பக்கத்தில் இருந்த பெயரைப் படித்தார். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"இது எங்க அப்பாவுக்குக் குடுத்ததுல்லா" என்றார் மெல்லிய குரலில். "கடைசிக் காலத்துல. நெஞ்சில நீர் கோத்துக்கிட்டப்போ."

அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். மறுபடியும் உட்காரச் சொன்னார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் இரண்டு வார்த்தை பேசியிருப்பாள்.

"பொய் சொன்னதுக்காக நான் வருத்தப்படல. உன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா நெஞ்சு விஷயம் விளையாட்டில்லம்மா. எங்க அப்பாவை நான் பாத்திருக்கேன். இப்படி நின்னுக்கிட்டு வேலை பாக்கக் கூடாது. நீ வீட்டுல ஓய்வெடுக்கணும்."

"இப்ப நல்லா இருக்கேன் அண்ணாச்சி. மாத்திரை போட்டதுல இருந்து வீக்கமே இல்ல. காலைப் பாருங்க."

அவர் காலைப் பார்க்கவில்லை. "மொதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"உக்காந்து பாக்குத வேலை குடுங்க. பில் போடுத இடத்துல."

"அதுக்குக் கம்ப்யூட்டர் தெரியணும்மா."

"பேக்கிங்ல?"

"அங்கயும் நின்னுதான் ஆகணும்." கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். "பண்டிகை முடியட்டும். இப்ப ஆள் குறைவா இருக்கு. அதுவரைக்கும் வா. பொறவு வீட்டுல இருந்து உடம்பைப் பாரு. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

பண்டிகை முடிகிற வரைக்கும் நெஞ்சு தாங்கும் என்று அண்ணாச்சிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க நினைத்தாள். வெளியே வரும்போது அவர் இனிப்புப் பெட்டியைக் கொடுத்தார். "இப்ப நீ தாராளமா சாப்பிடலாம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார்.

தீபாவளி முடிந்தது. கணக்கு முடித்து அனுப்பினார்கள். மைதீன் பாத்திமா படி வரைக்கும் வந்து, "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாம ஒனக்கு மாத்திரையப் போடச் சொன்னது நான்தானட்டீ" என்று அழுதாள். "போடாட்டா நெஞ்சைக் கிழிச்சிருப்பாவ, போ" என்றாள் இசக்கிச்செல்வி. அடுத்த மாதம் கார்த்திகேசன் அவள் காலை அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று சந்தோஷமாகச் சொன்னார். வேலை போய்விட்டது என்று அவள் சொன்னபோது அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாத்திரைச் சீட்டில் குனிந்துகொண்டார்.

மகளுக்கு அடுத்த செமஸ்டர் தொடங்குவதற்குள் வேறு வேலை கிடைத்தாக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இசக்கிச்செல்வி வண்ணார்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு பாத்திரக் கடையில் சம்பளம் பேசுவதற்கு முன்பே அவள் கழிப்பறை எங்கே என்று கேட்டாள். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "வேலைக்கு வந்தியளா, வாடகைக்கு வீடு பாக்க வந்தியளா?" என்றார். பக்கத்து ஓட்டலில் சொல்லி வைத்திருப்பதாகவும், மத்தியானம் ஒரு தடவை போய்க்கொள்ளலாம் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்லுகிறேன் என்று இறங்கிவிட்டாள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் போட்ட மாத்திரை அதன் வேலையை ஆரம்பித்திருந்தது. எதிரே, மேம்பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த பெரிய ஜவுளிக் கடை. அங்கேதான் அடுத்துக் கேட்பதாக இருந்தாள். வாசலில் நின்ற காவலாளி கதவைத் திறந்து, வணக்கம் சொன்னான். உள்ளே குளிர்ந்தது. பட்டுப் பிரிவில் நின்ற பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. இவள் கழிப்பறை எங்கே என்று கேட்டவுடன், "வாங்கக்கா, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால" என்று தானே கூட வந்து கதவைக் காட்டினாள். உள்ளே கண்ணாடி, சோப்பு, கை துடைக்கக் காகிதம். வெள்ளைக் கல் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

வெளியே வந்தபோது அந்தப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா. தண்ணி குடிக்கியளா?"

இசக்கிச்செல்வி உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் உதடு வெடித்து, காய்ந்து போயிருந்தது.

"நீ எங்கன போவ?" என்று கேட்டாள்.

"என்னதுக்கா?"

"நீங்கள்லாம். வேலை பாக்குதவ. எங்கன போவிய?"

அந்தப் பெண் மேலே கூரையில் இருந்த கேமராவை ஒருதரம் பார்த்தாள். கையிலிருந்த சேலையை உதறி மேஜை நிறைய விரித்தாள். அதற்குமேல் குனிந்து, உதடு அசையாமல் சொன்னாள்.

"மேல அஞ்சாவது மாடி. காலைல ஒரு தடவ, மதியம் ஒரு தடவ. சாவி மேடத்துகிட்ட இருக்கும்." பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "இது புது டிசைன்கா. இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு" என்றாள்.

இசக்கிச்செல்வி விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல சேலைதான். மேனேஜர் அறை எங்கே என்று கேட்காமலே எழுந்து வாசலுக்கு நடந்தாள்.